படிவம் என்னும் பிரதி: தடுப்பூசி வரிசையில் ஒரு வாசிப்பு

2021-இல், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பை அனுப்பியது. அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு எப்படித் தடுப்பூசி போடுவது என்பது அதன் பொருள். ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான், ஓய்வூதிய ஆவணம், மக்கள்தொகைப் பதிவேட்டின் ஸ்மார்ட் அட்டை - இந்த ஏழில் ஒன்றுகூட இல்லாதவர்கள் யார் யார்? குறிப்பு பட்டியல் போடுகிறது: நாடோடிகள் (எல்லா மதத்துச் சாதுக்களும் இதில் அடக்கம்), சிறைவாசிகள், மனநலக் காப்பகத்தில் இருப்பவர்கள், முதியோர் இல்லத்தினர், சாலையோரப் பிச்சைக்காரர்கள், மறுவாழ்வு மையங்களில் தங்கியிருப்பவர்கள்.

ஒரே மூச்சில் சாதுவும் கைதியும் பிச்சைக்காரரும். தனது 'பொருட்களின் ஒழுங்கு' (1966) பிறந்ததே போர்ஹே எழுதிய ஒரு சீனக் கலைக்களஞ்சியப் பட்டியலைப் படித்துச் சிரித்த சிரிப்பிலிருந்துதான் என்பார் ஃபூக்கோ. திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு அமைச்சகத்தின் பட்டியலைப் படிக்கிறவனுக்கும் அந்தச் சிரிப்பு வருகிறது. ஆனால் பாதியில் நின்றுபோகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காவி கட்டி உட்கார்ந்திருப்பவர்களில் யார் சாது, யார் பிச்சைக்காரர் என்று பிரித்துச் சொல்ல இந்த ஊர்க்காரர்களாலேயே முடியாது. தமிழில் 'பரதேசி' என்று ஒரு சொல் இருக்கிறது. வேற்றூரிலிருந்து வந்த துறவியும் அதில் இருக்கிறார், 'போடா பரதேசி' என்று விரட்டப்படுகிறவனும் இருக்கிறான். மொழி ஒன்றாக வைத்திருந்ததை நிர்வாகம் இரண்டு உருப்படிகளாக்கியது. பிறகு, அட்டை இல்லாமை என்ற ஒற்றைக் குறையின் பெயரால் அதே வரிசையில் மறுபடி கோத்தது.

குறிப்பின் மிச்சப் பகுதிதான் முக்கியம். இவர்களுக்கு அட்டையும் வேண்டாம், கைப்பேசி எண்ணும் வேண்டாம். பெயர், பிறந்த ஆண்டு, பாலினம் போதும். ஆனால் இவர்களுக்காக, அட்டையும் கைப்பேசியும் உள்ள ஒருவர் 'முதன்மை உதவியாளராக' நிற்கவேண்டும். காகிதம் இல்லாதவன் காகிதம் உள்ளவனின் பின்னிணைப்பாகத்தான் பிரதிக்குள் நுழையமுடியும்.

அந்த வருஷம் இங்கே ஒரு முகாமில் நானே பார்த்தது: கணினி முன்னால் இருந்த பெண், "சாமி, பொறந்த வருஷம் சொல்லுங்க" என்றாள். அவர் யோசித்து, "அம்பது இருக்கும்மா, எழுதிக்கோ" என்றார். அவள் 1971 என்று தட்டினாள். பெயரும் குரு வைத்த பெயர்தான். ஊரையும் பேரையும் விட்டு வந்த ஒரு மனிதருக்கு அரை நிமிடத்தில் புதிதாக ஒரு பிறப்பு நடந்தது. அந்தப் பெண்ணைக் குறைசொல்ல எதுவும் இல்லை. கட்டம் நிரம்பாமல் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஊசி உள்ளே போனது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். ஃபூக்கோவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாப் பதிவேடும் கண்காணிப்பு, எல்லா வரிசையும் சிறைச்சாலை என்று தள்ளிவிட்டுப் போவது நம் சிறுபத்திரிகைச் சூழலில் ரொம்பச் சுலபமாகிவிட்டது. பதிவேடு இல்லையென்றால் இரண்டாவது தவணை யாருக்குப் பாக்கி என்று தெரியாது. தட்டம்மை ஊசி போடாத குழந்தை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. பெயர் எழுதப்படாமல் விடுபட்ட குழந்தைகள்தான் செத்துப்போனார்கள். ஆகவே எழுத்து இருக்கலாமா கூடாதா என்பதல்ல என் கேள்வி. எழுதப்பட்டதை யார் வாசிக்கிறார்கள்? தவறு இருந்தால் திருத்தச் சொல்லும் இடத்தில் யார் இருக்கிறார்கள்?

பெரியம்மைக் காலத்தில் உடம்பே பதிவேடாக இருந்தது. 1880-இல் பிரிட்டிஷ் அரசு தடுப்பூசிச் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து 1970-களின் ஒழிப்பு இயக்கம் வரை, 'அம்மை குத்த' வந்தவர் முதலில் கேட்டது கையைத்தான். தோளுக்குக் கீழே தழும்பு இருந்தால் விட்டுவிடுவார். அதிகாரம் சதையில் நேரடியாக எழுதிய எழுத்து அது, வன்முறை இல்லாமல் இல்லை. அம்மை குத்துபவர் வருகிறார் என்றதும் வைக்கோல் போருக்குள் ஒளிந்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். என்றாலும் அந்த எழுத்தைத் தரித்திருப்பவரும் வாசிக்கமுடியும். அதைத் தொலைக்கமுடியாது, பிறர் பெயரில் மாற்றமுடியாது.

பிறகு வந்தது அட்டை. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். கிராம சுகாதாரச் செவிலியர் ஊசி போட்டுவிட்டு அட்டையில் தேதியைக் குறித்து, அடுத்த தேதியையும் எழுதித் தருவார். எழுத்து தெரியாத அம்மாக்களும் அந்த அட்டையை வாசித்தார்கள். எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது, எது காலி என்று பார்க்கப் பள்ளிக்கூடம் போயிருக்கவேண்டியதில்லை. அரிசிப் பானைக்குள்ளும் டிரங்குப் பெட்டிச் சேலை மடிப்பிலும் இருந்த அந்த அட்டை அரசாங்கத்தின் பிரதிதான். ஆனால் அவள் வீட்டில் இருந்த பிரதி. "இந்த ஊசி போட்டாச்சே, பாருங்க" என்று செவிலியரிடமே அவள் வாதாடமுடியும்.

கோவின் வந்தபோது இந்த உறவு தலைகீழானது. 2021 மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஊசி என்றார்கள். 45-க்குக் கீழே உள்ளவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்துதான் வரவேண்டும் என்றார்கள். நேரம் கிடைப்பது கும்பமேளாவில் தொலைந்த பிள்ளையைத் தேடுவது மாதிரி ஆனது: திறக்கும், நிமிடங்களில் காலியாகும். அந்தத் தளம் ஜூன் மாதம் வரை ஆங்கிலத்தில் மட்டுமே பேசியது. ஜூன் தொடக்கத்தில் இந்தியிலும் வேறு பல மாநில மொழிகளிலும் அதைத் திறந்தபோது தமிழ் விடுபட்டிருந்தது; தமிழக அரசு கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். செம்மொழி என்று 2004-இல் அறிவித்த அதே மத்திய அரசின் பிரதியில் இந்த விடுபடல் நடந்தது. மே 31 உத்தரவில் உச்ச நீதிமன்றம், இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டது. அதற்கு முன்பே, மே 24-இல், அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு அனுமதி வந்திருந்தது.

கோவின் இலக்கணத்தில் மனிதருக்குப் பதிலாக எண் நிற்கிறது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவது. ஒரு கைப்பேசி எண்ணில் நான்கு பேர் பதியலாம் என்றார்கள். யாருடைய எண்? பெரும்பாலும் வீட்டு ஆண்பிள்ளையுடையது. என் அத்தையைக் கூட்டிப்போன அன்று கேட்டார்கள்: "ஓடிபி வந்துச்சா பாரும்மா." வந்தது, பெங்களூரில் வேலைசெய்யும் பையனின் போனுக்கு. அவன் கூட்டத்தில் இருந்தான். ஊசி போட ஒரு நிமிடம், போட்டபின் உட்கார 30 நிமிடம். அந்த ஓடிபி எண்ணுக்கு ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம் எந்த ஆவணத்திலும் இல்லை. பதிவு தொடங்கும் கணத்திலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்பதால் பதிவுக்கு முந்தைய காத்திருப்பு 'திறன்' என்ற கணக்கில் வருவதே இல்லை. அரசின் எழுத்து வேலையைக் குடிமக்கள் தங்கள் தலையில் தூக்கிக்கொண்ட நேரம் அது.

(பட்டியல்களில் நமக்குப் பெயர் 'பயனாளி'. முதலாளியிலும் ஆளி உண்டு, தொழிலாளியிலும் உண்டு, நோயாளியிலும் உண்டு. ஆளுவது எது, ஆளப்படுவது யார் என்பதை அந்த விகுதி எப்போதும் மறைத்தே வைத்திருக்கிறது.)

எண்ணிக்கை ஒரு நிகழ்த்துகலையானதையும் பார்த்தோம். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டின் முதல் மெகா முகாமில் 28 லட்சத்துக்கும் மேல். செப்டம்பர் 17, பிரதமரின் பிறந்தநாள்: நாடெங்கும் ஒரே நாளில் இரண்டரைக் கோடி. தெருமுனை வரை போய்ப் போட்டது உண்மையான உழைப்பு, அதை நான் மறுக்கவில்லை. வீடு தேடி வந்த செவிலியர்களுக்குக் கும்பிடத்தான் தோன்றியது. ஆனால் அதே மாதங்களில், ஊசி போடாமலே 'இரண்டாம் தவணை வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது' என்று செய்தி வந்தவர்களைப் பற்றியும் நாடெங்கும் பத்திரிகைகள் எழுதின. குறிப்பீடு இல்லாமலே சுற்றும் குறிப்பான் என்று வகுப்பில் விளங்காத சங்கதியைக் கைப்பேசி விளக்கியது. தழும்பில் இந்தப் பொய் சாத்தியமில்லை. அட்டையில் சாத்தியம், ஆனால் எழுதியவரின் கையெழுத்து அடுத்த புதன்கிழமை அதே தெருவுக்கு வந்தாகவேண்டும்; கேட்கலாம். செய்திக்கு யாரிடம் போவது? திருத்தம் கோரவும் தளத்துக்குள் நுழையவேண்டும், நுழைய ஓடிபி வேண்டும்.

இதே மாவட்டத்தில்தான் ஜவ்வாது மலை இருக்கிறது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் சிக்னல் இல்லாத ஊர்களுக்குப் போய்வந்த ஒரு செவிலியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மேலே நோட்டில் எழுதிக்கொண்டு, கீழே இறங்கி வந்து ராத்திரி கணினியில் ஏற்றுவதாகச் சொன்னார். "ரெண்டு தடவ எழுதறோம் சார், ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு மேலிடத்துக்கு." காகிதமற்ற நிர்வாகம் என்பதன் அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, அதைச் சுமப்பது ஒரு பெண்ணின் தோள்பை. திறனைப் பேசும் எந்த அறிக்கையிலும் அந்த இரவு நேரம் உழைப்பாக எண்ணப்படுவதில்லை.

2023 தொடக்கத்தில் சோதனையாகத் தொடங்கிய யூ-வின், கோவின் செய்ததைக் குழந்தைத் தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளுக்கும் செய்கிறது. ஊர்விட்டு ஊர் போகிற செங்கல்சூளைக் குடும்பங்களுக்கு இது நன்மையாகவும் முடியலாம். எந்த ஊரிலும் அடுத்த தவணையைக் கேட்டு வாங்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு முன்பே கர்ப்பிணிகளுக்குப் பிக்மி எண் உண்டு, பிறப்புச் சான்றிதழ் வரை அது கூடவே வரும். 'பிக்மி நம்பர் இருக்கா?' என்பது வளைகாப்பு வீடுகளில் கேட்கும் கேள்வியாகிவிட்டது. எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. அட்டையைக் கொடுக்காமல் எண்ணை மட்டும் கொடுக்கும் நாள் வந்தால் அன்றைக்குத்தான் சண்டை.

போன மாதம் ஒரு புதன்கிழமை, தெருக்கோடி அங்கன்வாடியில், செவிலியர் கைப்பேசியில் ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. குழந்தையோடு நின்ற பெண், "நீங்க அப்புறமா ஏத்திக்கோங்கக்கா, மொதல்ல அட்டையில எழுதிக் குடுங்க" என்றாள். அவர் எழுதிக் கொடுத்தார். அவள் தேதியை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.