காது கொடுக்க ஓர் உரிமம்

நான் ஒரகடம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு பையனோடு பேசிவருவதாக என்னிடம் சொன்னாள். நல்லது செய்வதாக நினைத்து அதை அவள் அம்மாவிடம் சொன்னேன். மறுவாரமே படிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்று அவள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறாள். நல்லெண்ணம் பயிற்சி ஆகாது என்று நான் கற்றுக்கொண்டேன். அதற்கான விலையை அவள் கொடுத்தாள்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. வரவேற்கிறேன். ஆனால் 'தகுதி' என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன். அதை யார், யாருக்குத் தருவது?

மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டு. பள்ளி ஆலோசகருக்கென்று தனி உரிமம் இல்லை. அதனால் பத்து நாள் பயிற்சி பெற்றவரும் ஆலோசகர். முதுகலை உளவியல் படித்தவரும் ஆலோசகர். ரகசியம் உடைந்தால் அந்தப் பெண் யாரிடம் முறையிடுவாள்?

எனவே உரிமம் வேண்டும் என்கிறேன். ஆனால் முழுநேர மேற்படிப்பு ஒன்றே அதற்கு வழியானால், குடும்பப் பணத்தில் படிக்க முடிந்த நகரத்துப் பெண்களே வருவார்கள். விடுதி வாழ்க்கையும் இரவு ஷிப்டும் தெரிந்த இந்த ஊர்ப் பெண் வெளியே நிற்பாள். வழிகளை அகலப்படுத்த வேண்டும்: வார இறுதி வகுப்புகள், ஊதியத்தோடு மேற்பார்வைப் பயிற்சி, படிப்படியான பதிவு.

இதில் ஒரு பொறியும் உண்டு. 'அகலப்படுத்துகிறோம்' என்ற பெயரில், "டீச்சரம்மாதான் இருக்காங்களே" என்று இந்த வேலையையும் சம்பளமில்லாமல் எங்கள் தலையில் கட்டிவிடலாம். பெண் காது கொடுப்பது இயல்பு, அது உழைப்பல்ல என்ற பழைய கணக்குதான் இது. அந்தக் கணக்கை ஏற்கும் எந்தச் சீர்திருத்தமும் நமக்கானதல்ல.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. உழைக்க வரும் பெண்களுக்குப் படுக்கைகளைக் கணக்கிடத் தெரிந்த அரசு, அவர்கள் படித்த பள்ளிகளில் கதவு சாத்திப் பேச ஓர் அறையையும், அதில் சம்பளத்தோடு உட்கார ஒருத்தியையும் கணக்கில் சேர்க்கட்டும். அப்படி ஒருத்தி அன்று இருந்திருந்தால், அந்தப் பெண் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம்.