மனச்சாட்சியும் மதிப்பெண்ணும்
ராபர்ட் ஹேரின் நூலை முன்னிட்டு ஒரு திறனாய்வு

மனச்சாட்சி என்பது இறையியல் மாணவர் நாள்தோறும் கையாளும் சொற்களுள் ஒன்று. நியாயப்பிரமாணத்தை அறியாத புறஜாதியாரிடத்திலும் அது உண்டு என்பது பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கருத்து. அது மரத்துப்போகவும் கூடும் என்பதைத் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபம் அறிந்திருக்கிறது. எனினும், பிறப்பிலேயோ வளர்ப்பிலேயோ அது அறவே அமையாத மனிதர் உளர் என்று திருமறை எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. கனடா நாட்டு உளவியலறிஞர் ராபர்ட் ஹேர் 1993இல் வெளியிட்ட 'விதவுட் கான்ஷன்ஸ்' என்னும் நூல் அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. சிறைகளில் ஊழியம் செய்வோர் பலர் கையில் இந்நூலோ இதன் சாரமோ இன்று உலவுவதால், இதனை ஆராய்வது நமக்கு நீங்காக் கடனாகிறது.

ஹேர் கூறும் மனிதரை அவருக்கு முன்னரே மருத்துவ உலகம் அறிந்திருந்தது. பித்து இருந்தும் அறிவு மயங்காத நோயாளரைப் பிரெஞ்சு மருத்துவர் பினெல் குறித்து வைத்தார்; ஆங்கிலேய மருத்துவர் பிரிச்சர்டு 1835இல் அந்நிலைக்கு 'ஒழுக்கப் பித்து' என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஆயினும் இத்துறைக்கு மூலநூல் எனத்தக்கது, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஆகஸ்டா நகரில் பணிபுரிந்த ஹெர்வி கிளெக்லி 1941இல் வெளியிட்ட 'தி மாஸ்க் ஆஃப் சானிட்டி'யே. அதன் பக்கங்களில் கொலைஞரைத் தேடுவோர் ஏமாறுவர். செல்லாக் காசோலை எழுதுவோர், குடித்துவிட்டு ஊரில் இரகளை செய்வோர், நல்ல குடும்பத்தில் பிறந்தும் எந்த வேலையிலும் நிலையாதோர், கண்ணீர் மல்க வாக்குக் கொடுத்து மறுநாளே அதை மீறுவோர் ஆகியோரே அங்கு அணிவகுக்கின்றனர். அவர்களுடைய பேச்சு இனியது, அறிவு கூரியது, மயக்கமோ பிதற்றலோ அவர்களிடம் இல்லை. அன்பு, துக்கம், வெட்கம் ஆகிய சொற்களை அவர்கள் பிழையின்றிக் கையாளுகின்றனர்; ஆனால் அச்சொற்களுக்குப் பின்னால் இருக்கவேண்டிய அனுபவம் அங்கு இல்லை என்பதே கிளெக்லியின் முடிவு. கொடுமை செய்வதை இந்நிலையின் இன்றியமையாத கூறாக அவர் கொள்ளவில்லை. இதனை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். நமது விவாதம் பின்னர் இவ்விடத்திற்கே திரும்பும்.

ஹேர் தம் பணியை 1960களில் பிரித்தானியக் கொலம்பியாவின் சிறைச்சாலையில் தொடங்கினார். எண்ணிக்கை முடிந்ததும் மின்னதிர்ச்சி வரும் என்று அறிந்திருந்தும், சைக்கோபாத்துகளின் உள்ளங்கை வியர்வையில் மற்றவர்களிடம் காணும் ஏற்றம் தோன்றவில்லை என்பதை அவர் சோதனையால் காட்டினார். வரவிருக்கும் தண்டனையை எண்ணி அஞ்சும் ஆற்றல் குன்றியவனுக்குத் தண்டனைச் சட்டம் என்ன கற்பிக்க முடியும் என்னும் கேள்வி அங்கே பிறந்தது. பின்னர் அவர் அமைத்த பட்டியல் 1991இல் திருத்திய வடிவில் வெளியாயிற்று. அதில் 20 கூறுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30 பெற்றவன் சைக்கோபாத் எனப்படுகிறான். பிரித்தானியாவில் 25 என்னும் எல்லையும் வழங்குவதால், ஒரே மனிதன் அட்லாண்டிக் கடலைக் கடந்தால் வேறொருவனாகிவிடலாம்!

இப்பட்டியலுக்குப் புகழ் தேடித்தந்தது மறுகுற்றத்தைப் பற்றிய அதன் முன்னறிவிப்பே. 1998இல் ஹெம்ஃபில், ஹேர், வோங் ஆகியோர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விடுதலையான ஓராண்டுக்குள் சைக்கோபாத்துகள் மறுபடியும் குற்றம் செய்வது மற்றவரைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு என்றும், வன்குற்றத்தில் நான்கு மடங்கு என்றும் அவர்கள் கண்டனர். இதனைத் தள்ளிவிட இயலாது. இதனினும் நம்மை உறுத்துவது 2009இல் கனடாவில் போர்ட்டரும் உடனாய்வாளரும் கண்ட செய்தி: நிபந்தனை விடுதலை கேட்டவர்களுள், சைக்கோபாத் என மதிப்பிடப்பட்டோர் அதனைப் பெறும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாயிருந்தது. விடுதலைக் குழுவினர் அனுபவமற்றோர் அல்லர். உருக்கமான பேச்சே அவர்களை வென்றிருக்க வேண்டும். சிறையில் ஒருவன் எழுந்து சாட்சி பகரும்போது அவன் கண்ணீரையே மனந்திரும்புதலுக்கு அளவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனைக் கைவிடுவதற்கு ஹேரின் நூல் போதிய காரணம் தருகிறது. இந்த அளவில் நூலாசிரியருக்கு நாம் நன்றியுடையோம்.

ஆனால் பட்டியலின் உள்ளே புகுந்து நோக்கினால் ஐயம் எழுகிறது. அதன் 20 கூறுகள் பொதுவாக இரு பிரிவாகக் கொள்ளப்படுவன. பொய்மை, மேட்டிமை, இரக்கமின்மை, குற்றவுணர்வின்மை போன்ற உள்ளப் பண்புகள் ஒரு பிரிவு. பொறுப்பின்மை, அடக்கமின்மை, இளம்பருவக் குற்றம், நிபந்தனை விடுதலையை மீறியமை போன்ற வாழ்க்கை முறைகள் மற்றது. பலவகைக் குற்றங்கள் செய்தவன் என்பதே தனிக் கூறாகவும் இடம்பெற்றுள்ளது. பின்வந்த தொகுப்பாய்வுகள் கண்டது என்ன? வன்குற்றத்தை முன்னறிவிப்பதில் பெரும்பங்கு இரண்டாம் பிரிவுடையது. கிளெக்லி வருணித்த அந்த உள்வெறுமையைக் குறிக்கும் முதற் பிரிவு சேர்ப்பது சிறிதே. அப்படியாயின், முன்பு பலமுறை திருடியவன் இனியும் திருடக்கூடும் என்னும் பழைய உண்மையையே இப்பட்டியல் பெரும்பாலும் உரைக்கிறது எனலாம். சிறைக் காவலர் எவரும் பட்டியலின்றியே இதை அறிவர். குற்றப் பதிவேடு ஈட்டிய மதிப்பை மனச்சாட்சியின்மை என்னும் பெயருக்கு வரவு வைப்பது கணக்கில் முறையாகாது.

நாம் மட்டும் சொல்வதன்று இது. ஜெனிஃபர் ஸ்கீம், டேவிட் குக் என்னும் இரு ஆய்வாளர், குற்றச்செயல் சைக்கோபதியின் மையக் கூறுதானா என்று வினவி ஒரு கட்டுரை எழுதினர். ஹேர் தம் கருத்து திரிக்கப்பட்டதாகக் கருதி வழக்குத் தொடுப்பதாக அறிவிக்கவே, அக்கட்டுரை சில ஆண்டுகள் முடங்கி 2010இல்தான் அச்சேறியது. அறிவுலக விவாதத்தை வழக்கறிஞரிடம் ஒப்படைப்பது ஒரு மூத்த அறிஞருக்கு அழகன்று.

மதிப்பெண் நீதிமன்றத்தில் படும் பாடும் கருதத்தக்கது. டேனியல் மரியும் உடனாய்வாளரும் 2013இல் நூற்றுக்கும் மேற்பட்ட உளவியலறிஞரிடம் ஒரே வழக்குக் கோப்புகளைக் கொடுத்து, சிலரை அரசுத் தரப்பினர் அமர்த்தியதாகவும் சிலரை எதிர்த்தரப்பினர் அமர்த்தியதாகவும் நம்பச் செய்தனர். அரசுத் தரப்புக்கெனக் கருதியோர் மிகுதியாகவும் மற்றவர் குறைவாகவும் மதிப்பெண் இட்டனர். அளப்பவன் கூலி தருபவனைப் பார்க்கிறான். ஆனால் அளக்கப்படுபவனின் ஆயுட்காலச் சிறை அந்த எண்ணைப் பொறுத்து நிற்கிறது.

இனி, நூலின் மிகவும் இருண்ட அதிகாரத்திற்கு வருவோம். இவர்களுக்கு ஏதேனும் செய்யக்கூடுமா என்று ஆராயும் ஹேர், கூட்டுவாழ்வுச் சிகிச்சை ஒன்று அவர்களை முன்னிலும் கேடாக்கியிருக்கலாம் என்கிறார். இதற்கு அடிப்படை, ஒன்டாரியோவின் பெனட்டாங்குயிஷீனில் இருந்த ஓக் ரிட்ஜ் மருத்துவமனையைப் பற்றிய ஆய்வு. ரைஸ், ஹாரிஸ், கோர்மியர் ஆகியோர் 1992இல் அதனை வெளியிட்டனர். அதன்படி, சிகிச்சை பெற்ற சைக்கோபாத்துகளில் 77 விழுக்காட்டினரும், பெறாத சைக்கோபாத்துகளில் 55 விழுக்காட்டினரும் வன்குற்றத்திற்குத் திரும்பினர். மற்ற நோயாளரிலோ சிகிச்சை பெற்றோர் 22, பெறாதோர் 39 விழுக்காட்டினர். இவ்வெண்களைக் கண்டோர், பிறர் உள்ளத்தைப் படிக்கக் கற்பித்தால் சைக்கோபாத் அதனைப் பிறரை ஏய்க்கவே பயன்படுத்துவான் என்று முடிவு கட்டினர். அதன்பின் பல காலம், இவர்களுக்குச் சிகிச்சை வீண் என்பது ஏறக்குறைய ஒரு விசுவாசப் பிரமாணமாகவே நிலைத்தது.

ஆனால் அச்சிகிச்சை யாது? 1960களின் நடுவில் தொடங்கிய அத்திட்டத்தில் நோயாளரே நோயாளருக்கு வைத்தியர். தேர்ந்த பணியாளரின் தொடர்பு மிகக் குறைவு. ஆடையின்றிப் பலரைச் சாளரமற்ற அறையில் நாட்கணக்காக அடைத்து, சுவரில் பொருத்திய குழாய்கள் வழியாக உணவு புகட்டினர். எல்.எஸ்.டி. முதலான மருந்துகளைக் கொடுத்தனர். பங்குகொள்வது நோயாளரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அங்கு நிகழ்ந்தவற்றுக்காக மருத்துவர் இருவரும் அரசும் பொறுப்பாளிகள் என்று 2020இல் ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய இடத்திலிருந்து கொடியவனாக வெளிவந்தவனைக் காட்டி, 'இவனுக்குச் சிகிச்சை பலிக்காது' என்பது நியாயமாகுமா? அச்சிகிச்சை கேடு விளைவித்தது என்பதே அவ்வாய்விலிருந்து நேரே பெறப்படும் முடிவு. எச்சிகிச்சையும் கேடே விளைவிக்கும் என்பது அதிலிருந்து பெறப்படுவதன்று. ஹேர் தாமும் வேறு வகைத் திட்டம் ஒன்றை அவ்வதிகாரத்தில் பரிந்துரைக்கிறார் என்பதைச் சொல்லாமல் விடுவது அநீதியாகும். ஆயினும் வாசகர் மனத்தில் தங்குவது அந்தப் பரிந்துரையன்று, நம்பிக்கையின்மையே.

நூல் வெளிவந்தபின் நிகழ்ந்தது இங்கே முக்கியமானது. 1995இல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் மெண்டோட்டா என்னும் இளங்குற்றவாளர் சிகிச்சை நிலையம் தொடங்கியது. வேறு சீர்திருத்தப் பள்ளிகள் சமாளிக்க இயலாமல் அனுப்பிய பிள்ளைகளே அங்கு வந்தனர். தண்டித்தால் எதிர்ப்பு, எதிர்த்தால் மேலும் தண்டனை என்னும் சுழலை உடைப்பதே அங்குள்ள முறை. நல்ல நடத்தைக்கு அன்றன்றே சிறு சலுகை கிட்டும். தீய நடத்தை உறவை முறிப்பதில்லை. கால்டுவெல்லும் உடனாய்வாளரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கோபதிப் பண்புகள் மிகுந்த இளைஞரிடையே, அச்சிகிச்சை பெறாதோர் வன்குற்றத்திற்குத் திரும்பும் வாய்ப்பு பெற்றோரைவிட இருமடங்குக்கும் மேலாயிருந்தது. அதற்கு முந்தின ஓர் ஆய்வில், ஒப்பிடப்பட்ட இளைஞர் 16 உயிர்களைப் பறித்திருந்தனர்; மெண்டோட்டாவில் சிகிச்சை பெற்றோர் ஒன்றையும் பறிக்கவில்லை. இவை குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல என்பதால் அளவோடு ஏற்க வேண்டும். இளைஞருக்குப் பலித்தது நாற்பது வயதினருக்கும் பலிக்குமென்று துணிவதற்கும் இல்லை.

நெதர்லாந்தில் 2013இல் வெளியான மூளை ஆய்வு ஒன்றையும் சுருங்கக் குறிப்போம். பிறர் நோவதைக் கண்ட சைக்கோபாத் குற்றவாளிகளின் மூளை இயல்பாக அசையவில்லை. ஆனால் 'அவருடன் உணர முயலுக' என்று கேட்டபோது அவ்வேறுபாடு பெரிதும் குறைந்தது. மனச்சாட்சி 'இல்லை' என்பதற்கும் அது 'வழக்கமாக எழுவதில்லை' என்பதற்கும் இடையிலுள்ள தூரம் ஹேரின் தலைப்பில் காணாமற் போய்விட்டது. இவ்வாய்வு அத்தூரத்தை மீண்டும் நம் கண்முன் வைக்கிறது.

ஆகவே இந்நூலைச் சிறை ஊழியர் படிக்கட்டும். அதன் எச்சரிக்கைகளைக் கைக்கொள்ளட்டும். நற்சான்று எழுதித்தருமாறு கைதி கேட்கும்போது, அவன் சொற்களை விட்டு, அவன் சென்ற ஆண்டு முழுதும் வாழ்ந்த விதத்தைக் காவலரிடமும் உடன்கைதிகளிடமும் கேட்டறியட்டும். ஆனால் ஒருவனுக்கு 30 மதிப்பெண் இடப்பட்டது என்று கேள்விப்பட்டதும் அவனைச் சந்திக்கும் நாளைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட, இந்நூல் எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை.