சூலியா தெருவின் வங்கிக் கோபுரங்கள்: ஒரு கட்டடக்கலைத் திறனாய்வு

சிங்கப்பூர்த் தமிழரின் பழைய வாழ்விடங்கள் குறித்து எழுதப்பெறும் கட்டுரைகளில் வானளாவிக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேடந்தான் தரப்படுகிறது. தெரு இருந்தது, வங்கி வந்தது, தெரு மறைந்தது. அதற்குமேல் அக்கட்டடத்தை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இழப்பைப் பதிவு செய்வது இன்றியமையாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இழந்த இடத்தில் எழுந்து நிற்பதைப் படிக்க மறுக்கும் ஆய்வு, இழந்ததையும் சரியாகப் படிக்காது என்பதே நம் கருத்து. சூலியா தெருவையும் அதன் அண்டையில் உள்ள மார்க்கெட் தெருவையும் முன்வைத்து இதனை விளக்க முற்படுகிறோம்.

இவ்விரு தெருக்களும் தமிழருக்கு அயலானவை அல்ல. சூலியா தெரு 1920களின் தொடக்கம்வரை 'கிளிங்' என்னும் இழிபெயரைத் தாங்கியிருந்தது. தமிழ் முஸ்லிம்களாகிய சூலியாக்களின் பெயர் அதன் பின்னரே வந்தது. மார்க்கெட் தெருவோ நம்மவர் வழக்கில் செட்டித் தெரு. நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்குதான் இருந்தன. இன்று முதல் தெருவில் ஓசிபிசி நிலையமும் யூஓபி பிளாசாவும் நிற்கின்றன.

வங்கிக் கட்டடம் என்பது பிற அலுவலகக் கட்டடங்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. அதில் விற்கப்படும் பண்டம் கண்ணுக்குத் தெரியாதது. வைப்புத்தொகை பத்திரமாக இருக்கும் என்னும் நம்பிக்கையைக் கல்லும் காரையும் சொல்லியாக வேண்டும். பேட்டரி சாலையில் 1954இல் பாமர் அண்ட் டர்னர் நிறுவனத்தார் வடிவமைத்து எழுந்த 18 மாடிச் சீன வங்கிக் கட்டடம் இதனை நேரடியாகவே சொல்கிறது. நேர்க்குத்தான கோடுகள், கனத்த முகப்பு, வாயிலில் சிங்கங்கள். உயரம் நவீனமானது, காவல் தொன்மையானது. இரண்டையும் அருகருகே வைத்ததில் கட்டடக்கலைஞருக்கு எவ்விதக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. அதன் அழகே அதுதான். (அதே 1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937இல் நிறுவிய மு.சித.மு. சிதம்பரம் செட்டியார், சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் காலமானார். சென்னையின் முதல் வானளாவியாகப் பின்னர் எல்.ஐ.சி. பெயரில் 1959இல் திறக்கப்பட்ட கட்டடம் அவர் தொடங்கி வைத்த திட்டமே.)

ஓசிபிசி நிலையம் வேறு வழியில் பேசுகிறது. ஐ. எம். பெய் வடிவமைத்து, 1976இல் நிறைவுற்ற இக்கட்டடம் 52 மாடிகளும் ஏறத்தாழ 198 மீட்டர் உயரமும் கொண்டது. இரு முனைகளிலும் அரைவட்ட வடிவில் இரு பெருந்தூண்கள் நிற்கின்றன. மின்தூக்கி முதலியவை அவற்றினுள் அடங்கிவிடுகின்றன. அவ்விரண்டிற்கும் இடையே மூன்று நிலைகளில் மாபெரும் உத்திரங்கள் பாலம்போல் கிடக்க, ஒவ்வொன்றும் தனக்குரிய மாடித் தொகுதியைச் சுமக்கிறது. இதனால் மூன்று தொகுதிகளையும் ஒரே காலத்தில் கட்ட இயன்றது. ஆயினும் நம் கவனத்திற்குரியது கட்டிய வேகமன்று. சுமை எங்கே தங்குகிறது, எவ்வழியே நிலத்திற்கு இறங்குகிறது என்பதை எதிர்ச்சாரியில் நிற்கும் பாமரரும் கண்ணாலேயே கண்டுகொள்ள முடிகிறது. சிங்கங்கள் இங்கே தேவைப்படவில்லை, கட்டமைப்பே உறுதிமொழியாகிவிட்டது. தட்டையான உடலையும் பொத்தான்கள்போன்ற சன்னல் வரிசைகளையும் கண்ட ஊரார் அதற்குக் 'கால்குலேட்டர்' என்று பெயரிட்டனர். இப்பெயரை ஏளனமாக மட்டும் கொள்வதற்கில்லை. பெய் 'உறுதி' என்று எழுதியதை மக்கள் 'கணக்கு' என்று படித்திருக்கிறார்கள். இரண்டும் வங்கிக்குப் பொருந்துபவையே.

இக்கட்டடத்தைக் கிட்டங்கியோடு ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கிட்டங்கி நீண்டு குறுகிய ஒரு கடைவீடு. ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு இடம். பாய், தாழ்ந்த மேசை, கைப்பெட்டி, பேரேடு. இரு நிறுவனங்களுக்கு இடையே சுவர் இல்லை. கடன் கேட்டு வருபவரை அனைவரும் காண்பர். மேலாள் பேசுவது அடுத்தாளுக்கும் பெட்டியடிப் பையனுக்கும் கேட்கும். அங்கு நம்பிக்கையைத் தாங்கியது கட்டடமன்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்த அமர்வு முறை. ஓசிபிசியில் கட்டமைப்பு வெளிப்படை, கொடுக்கல் வாங்கல் மறைவு. கிட்டங்கியில் கட்டடம் பொருட்டன்று, கொடுக்கல் வாங்கல் வெளிப்படை. பெய்யின் கட்டடத்தைக் கூர்ந்து பார்த்த பின்னரே கிட்டங்கியின் தளஅமைப்பு நமக்கு ஒரு வடிவமைப்பாகத் தென்பட்டது. அதற்குமுன் அதனை வெறும் ஏழ்மையான ஏற்பாடாகவே எண்ணியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிட்டங்கிகள் மறைந்ததற்குக் கட்டடக்கலைஞர்களைக் குறைகூறுவதும் முறையன்று. 'தங்கக் காலணி' எனப்படும் அப்பகுதியில் வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, உரிமையாளர்கள் பழைய கட்டடங்களை மீட்டு மீண்டும் கட்ட வழிசெய்த சட்டம் 1970இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நிலத்தின் விலையே வடிவத்தைத் தீர்மானித்தது.

யூஓபியைப் பற்றி நம்மால் அவ்வளவு உவந்து எழுத முடியவில்லை. கென்சோ டாங்கே வடிவமைத்த 280 மீட்டர்க் கோபுரம் 1992இல் எழுந்தது. எண்கோணங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிய அதன் உடல் தொலைவிலிருந்து நேர்த்தியாகத் தோன்றினும், அருகில் செல்லச் செல்ல எதையும் சொல்வதில்லை. சூலியா தெருவிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து செல்ல அடித்தளத்தைத் திறந்துவிட்டது மட்டும் பாராட்டத்தக்கது. ஆனால் பக்கத்தில் 1974 முதல் நின்ற எண்கோணக் கட்டடத்திற்கு, அதாவது பினாங்கில் பிறந்த லிம் சோங் கியாட்டின் ஆக்கத்திற்கு, புதிய கோபுரத்தோடு பொருந்தும்படி வேறு தோல் போர்த்தி உயரமும் கூட்டினார்கள். இருபதாண்டுகூட நிறையாத ஒரு நல்ல கட்டடம் தன் முகத்தை இழந்தது. கிட்டங்கிக்காக வருந்தும் நாம் இதற்கும் வருந்தியிருக்க வேண்டும்; ஒரு வரியேனும் தமிழில் எழுதப்பட்டதாக நம் பார்வைக்கு எட்டவில்லை.

இவ்விடங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இப்போது மார்க்கெட் தெருவில் காண்பது 2021இல் நிறைவுற்ற கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரத்தை. பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டி 'இங்கேதான் இருந்தது' என்று சொல்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. மாணவர் கையில் தாளும் பென்சிலும் தந்து, ஓசிபிசியின் சுமை இறங்கும் வழியை முதலில் வரையச் சொல்லலாம். பின்னர் ஒரு கிட்டங்கியின் தரையை வரையச் சொல்லலாம்: பெட்டி எங்கே, மேலாள் எங்கே, வாசலிலிருந்து எத்தனை அடி. இரண்டாவது வரைபடத்திற்கு விடை சொல்லக்கூடியவர்கள் அங்கே இளமையில் பணியாற்றியவர்களே. அவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் வட்டி விகிதத்தையும் ஊர்ப்பெயரையும் கேட்ட நாம், எங்கே அமர்ந்திருந்தீர்கள் என்று இன்னும் கேட்கவில்லை.