புறப்படும் மாணவனுக்கு எந்த நூல்?

எடப்பாடியில் விசைத்தறி ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த தந்தையொருவர், கடல் கடந்து மேற்படிப்புக்குச் செல்லவிருக்கும் மகனை அழைத்துக்கொண்டு சென்ற திங்களில் நம்மிடம் வந்தார். சிறு பிராயத்தில் நம்மிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. துஆச் செய்து முடித்ததும், "ஹஜ்ரத், பெரிய பட்டணம்; அங்கே ஒருவரையும் தெரியாது. இவன் படித்துவிட்டுப் போகத்தக்க கிதாபு ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்" என்றார். வினா எளிது, விடை உடனே வரவில்லை. பயண நூல்கள் நம் அலமாரியில் இல்லாமலில்லை. ஆயினும், அயலூரில் முதல் இரவைக் கழிக்கப்போகும் ஒரு பிள்ளைக்கு இவற்றுள் எது துணையாகும் என்னும் அளவுகோலைக் கொண்டு அவற்றை நாம் முன்னர்ப் படித்ததில்லை. அவ்வாறு மீண்டும் படித்ததன் பயனே இக்கட்டுரை.

அரபியில் 'குர்பத்' என்றொரு சொல் உண்டு. ஊரை விட்டு அயலிடத்தில் இருத்தலையும் அதனால் வரும் தனிமையையும் அது ஒருங்கே குறிக்கும். மேற்குத் திசையைச் சுட்டும் 'கர்ப்' என்பதும், அந்நியனைச் சுட்டும் 'கரீப்' என்பதும் அதே வேரில் கிளைத்தவை. 'கரீப்' உருதுவுக்கு வந்தபோது ஏழை என்னும் பொருள் பெற்றது. பெருநகருக்குப் புதிதாய்ச் செல்லும் மாணவன் இரு பொருளிலும் கரீப்தான். அங்கே அவனை அறிந்தவர் இல்லை. அவன் கையில் தாராளமாகப் பணமும் இல்லை.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் 1887இல் பிறந்தவர் கணித மேதை இராமானுஜன். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் அமர்ந்தார். கேம்பிரிட்ஜில் உடன் பயின்ற மகலனோபிஸ் பின்னாளில் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார். இரவில் குளிர் தாங்கவில்லை என்று இராமானுஜன் கூற, அவர் அறைக்குச் சென்று பார்த்தால், மேலங்கியோடும் சால்வையோடும் படுக்கையின்மேல் அவர் படுத்து வந்தது தெரிந்தது. கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டுமென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் நெய்யும் வட்டாரத்தில் பிறந்தவர், கம்பளிக்கு மேலே படுத்துக் குளிரில் நடுங்கினார்! எண்களின் ஆழம் கண்டவருக்கும் ஒரு படுக்கையின் வழக்கம் தெரியாமற் போகலாம். அது அறிவின் குறையன்று. 1917இல் நோயுற்று, 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் அவர் மறைந்தார். தம் குர்பத்தைப் பற்றி அவர் நூலெழுதவில்லை. எழுதியவர்களிடம் நாம் தேட வேண்டுவது, அந்தக் கம்பளியைப் பற்றிச் சொல்லும் நேர்மையையே.

நாம் முதலில் எடுத்தது மிஸ்ரு நாட்டு ஆலிம் ரிஃபாஆ அத்தஹ்தாவீ எழுதிய 'தக்லீஸுல் இப்ரீஸ் ஃபீ தல்கீஸி பாரீஸ்'. 1801இல் தஹ்தா என்னும் ஊரில் பிறந்து, அல்அஸ்ஹரில் ஓதியவர் இவர். முஹம்மது அலீ பாஷா 1826இல் பாரிசுக்கு அனுப்பிய மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்று, தாமும் மாணவராகி, 1831இல் திரும்பினார். கண்டவற்றைக் குறித்து வை என்று அறிவுறுத்தி அனுப்பியவர் அவருடைய ஆசான் ஹஸன் அல்அத்தார். நூல் 1834இல் பூலாக் அச்சகத்தில் வெளியாயிற்று.

இந்நூலின் முதற் சிறப்பு, அதன் கண். தரையில் அமர்ந்து உண்டு பழகிய ஒருவர் நாற்காலியையும் மேசையையும், ஆளுக்கொரு தட்டையும், கத்தியையும் முள்ளையும் எள்ளாமலும் மயங்காமலும் பெயரிட்டு விளக்குகிறார். மர்சேய் நகரத்துக் காப்பிக்கடையில் பெருங்கூட்டம் கண்டு அதனைத் தெருவென்றே எண்ணியதையும், சுவரெங்கும் நிலைக்கண்ணாடி பதித்திருந்ததால் உள்ளிருந்த சிலரே பலராய்த் தோன்றினர் என்பது பிறகே விளங்கியதையும் மறைக்காமல் எழுதுகிறார். தாம் ஏமாந்ததை ஒப்புக்கொள்ளும் ஆலிமை நாம் மதிக்கிறோம். பாரிசு மக்களின் தூய்மையைப் புகழும் அதே எழுதுகோல், மார்க்கத்தில் அவர்களுக்குள்ள அசட்டையைக் கண்டிக்கவும் செய்கிறது. குணமும் குற்றமும் நாடும் இந்நடுநிலை இன்றும் அரிது.

இன்னொரு செய்தியும் நம் பிள்ளைகளுக்கு வேண்டியது. மாணவர் அனைவரும் ஒரே வீட்டில் தங்கியதால் தம்முள் தாய்மொழியே பேசினர், பிரெஞ்சு வளரவில்லை. பின்னர் அவர்களைப் பிரித்துப் பல விடுதிகளில் அமர்த்தினர். நம்மூர்ப் பிள்ளைகளோடு ஒரே அறையில் அடைந்துகொள்வது முதல் மாதத்தில் ஆறுதலே. ஆண்டு முழுவதும் அதுவே ஆனால் தடை.

ஆனால் நூலின் குறையையும் சொல்ல வேண்டும். பாரிசு எப்படி இருந்தது என்பதை இதில் அறிகிறோம். பாரிசில் தஹ்தாவீ எப்படி இருந்தார் என்பதைப் போதிய அளவு அறிவதில்லை. ஓயாத படிப்பால் அவருடைய இடக்கண் பலவீனமுற்றது. இரவில் படிக்கலாகாது என்று மருத்துவர் தடுத்தார். அந்த அறையில் அவர் எண்ணியது என்ன, ஏங்கியது எதற்கு என்பது பற்றி நூல் பேசுவதில்லை. அரசுக்குப் பயன்படும் அறிக்கையாகவும் எழுதப்பட்டதாதலின், உள்ளம் பின்னுக்குப் போயிற்று. அரசின் செலவில் சென்றவருக்கு, கடன் வாங்கிச் செல்பவனின் அச்சமும் இல்லை.

அந்தக் குறையை நிறைப்பது காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யில் வரும் இலண்டன் பகுதிகள். ரா. வேங்கடராஜுலுவின் தமிழில் இது நம் வீடுகளுக்கு எளிதில் கிடைப்பது. 1888இல், பத்தொன்பது வயது நிரம்புமுன் சென்ற அவர், தாயை நினைத்து இரவில் அழுததைச் சொல்கிறார். மதுவும் மாதும் மாமிசமும் தொடேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகப் பசியோடு இருந்ததையும், ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகம் கண்டு மகிழ்ந்ததையும் சொல்கிறார். ஹலால் உணவு தேடி அலையும் நம் பிள்ளைக்கு இப்பகுதி அந்நியமாகாது. பட்டுத்தொப்பி, நடனப் பயிற்சி, வயலின் என்று நாகரிக மயக்கத்தில் மூன்று திங்கள் கழித்ததும், பிறகு ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதி, ஒற்றை அறைக்கு மாறி, காலையில் தாமே கஞ்சி காய்ச்சிக் குடித்ததும் வருகின்றன. யாவற்றினும் மேலாக, மணமானவர் என்பதை மறைத்துப் பிரமசாரிபோல் நடந்த பொய்யையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து எழுதியதாதலின், எல்லாத் துன்பமும் ஒரு படிப்பினையில் முடிந்துவிடுகிறது. இன்றிரவு துன்பப்படுகிறவனுக்குப் படிப்பினை நாளைதான் தெரியும். இவ்வகையில், தென்னாப்பிரிக்கா சென்ற புதிதில் அவர் எழுதி, தம் வாழ்நாளில் அச்சேறாமற் போன 'இலண்டன் வழிகாட்டி' கவனத்துக்குரியது. எத்தனை சட்டை, என்ன விலை, எவ்வளவு வாடகை என்று இளைஞர் ஒருவர் இளைஞர்க்குச் சொல்வது அது. இலக்கியச் சுவை அதில் குறைவு. கம்பளியைப் பற்றிச் சொல்லும் இனம் அதுவே.

ஆகவே நம் முடிவு இது: ஊரைப் பார்க்கத் தஹ்தாவீ, தன்னைப் பார்க்கக் காந்தியடிகள். இரண்டும் சேர்ந்தாலன்றிக் குர்பத்தின் இலக்கியம் முழுமை பெறாது. இக்காலத்தில் கைப்பேசியில் நாள்தோறும் தாயின் முகம் காணலாம். எனினும் அந்தக் கண்ணாடியின் முன்பு நம் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வது, "நல்லா இருக்கேன்மா" என்பதொன்றே. மர்சேய்க் கடையின் கண்ணாடி சிலரைப் பலராய்க் காட்டியது. இக்கண்ணாடி தனியாய் இருப்பவனை நம்மோடு இருப்பவனாய்க் காட்டுகிறது. பெற்றோர் அதனைக் கண்டு அமைதியடைந்துவிடலாகாது.

அந்தப் பிள்ளையிடம் 'சத்திய சோதனை'யைக் கொடுத்தோம். தஹ்தாவீயின் நூலில் வேண்டிய இடங்களை நாமே தமிழில் வாய்மொழியாகச் சொன்னோம். திங்களுக்கொரு கடிதம் எழுதுமாறும் கேட்டுக்கொண்டோம்: என்ன கண்டாய், என்ன செலவிட்டாய், எதற்கு அஞ்சினாய் என்னும் மூன்றும் அதில் இருக்க வேண்டும். முதலிரண்டும் எழுதலாம் ஹஜ்ரத், மூன்றாவதை எழுதினால் அத்தா வருந்துவாரே என்றான். அருகிலிருந்த தந்தை, "எழுது, எழுதாவிட்டால்தான் வருந்துவேன்" என்றார். நம்மிடையே இன்னும் எழுதப்படாத நூல் அந்த மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது. அல்லாஹ் அவன் பயணத்தைப் பரக்கத்தாக்குவானாக.