கார்னகியிடம் எடுக்காமல் விட்டது

லிட்டில் ஃப்ரீ லைப்ரரி பற்றிப் படிக்கிறபோதெல்லாம் ஒரு எண் கண்ணில் படும்: 2,510. விஸ்கான்சினின் ஹட்சன் ஊரில் 2009-ல், ஆசிரியையாக இருந்த தன் அம்மாவின் நினைவாக வாசலில் முதல் புத்தகப் பெட்டியை நட்டவர் டாட் போல். ரிக் புரூக்ஸோடு சேர்ந்து அதை இயக்கமாக்கியபோது வைத்த இலக்கு இது. ஆண்ட்ரூ கார்னகி பணம் கொடுத்துக் கட்டியவை 2,509 நூலகங்கள். அதைவிட ஒன்று கூடுதல். 2012-லேயே தாண்டிட்டாங்க. இப்போ லட்சத்துக்கும் மேல்.

எனக்கு உறுத்துவது, கார்னகியிடமிருந்து எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கிட்டதுதான். அவர் சும்மா கட்டடம் கொடுக்கலை. நிலம் ஊர் தரணும். கொடுத்த தொகையில் 10 சதவீதத்தை ஊர் நிர்வாகம் வருஷாவருஷம் நூலகத்துக்குச் செலவழிக்கணும். 10,000 டாலர் வாங்கினால் ஆண்டுக்கு 1,000. கட்டுறது சுலபம், நடத்துறதுதான் செலவுன்னு அந்த இரும்பு வியாபாரிக்குத் தெரிஞ்சிருக்கு.

பெட்டியில் அந்த 10 சதவீதம் ஒரு தனி மனிதரின் தலையில் விழுது. 'ஸ்டீவர்ட்' என்று அழைக்கிறார்கள். மழைத்தண்ணி இறங்கின புத்தகத்தை எடுத்துப் போடணும், கழன்ற கீலை மாட்டணும். அதைவிட முக்கியம், யாரும் தொடாததைக் கழிக்கணும். பழைய வருமான வரி வழிகாட்டியும் விண்டோஸ் 98 கையேடும் தானாக வந்து சேரும், தானாகப் போகாது! நல்லதை எடுப்பார்கள், மிச்சம் தங்கும். கழிக்க ஆள் இல்லாவிட்டால் பெட்டி கொஞ்ச நாளில் குப்பைத்தொட்டிதான்.

ஜேன் ஷ்மிட், ஜோர்டன் ஹேல் என்ற இரு கனடிய நூலகர்கள் 2017-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. டொராண்டோ, கால்கரி பெட்டிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்து, வசதியான, ஏற்கெனவே பொது நூலகம் இருக்கும் பகுதிகளிலேயே அவை குவிந்திருப்பதைக் காட்டினார்கள். அதை ஏத்துக்கிறேன். ஆனால் பெட்டி வைப்பவர்களை உந்துவது உதவும் எண்ணத்தைவிடத் தங்கள் புத்தகப் பற்றைக் காட்டிக்கொள்ளும் ஆசைதான் என்று அவர்கள் சொல்வது அநியாயம். நட்டுவைத்துப் படம் போடுபவருக்கு வேண்டுமானால் அது பொருந்தும். நாலாவது வருஷமும் ஈரப் புத்தகம் பொறுக்கிக்கிட்டு இருப்பவருக்குப் பொருந்தாது.

சர்வர் எத்தனை வாங்கினோம்னு யாரும் அறிக்கை எழுத மாட்டோம், எத்தனை ஓடுதுன்னுதான் கேட்போம். பெட்டி விஷயத்தில் தலைப்புச் செய்தியாவது முதல் கணக்குதான். ஸ்டீவர்ட் வீடு மாறிப் போய்விட்டால் அந்தப் பெட்டியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?