நல்ல லினக்ஸ் எது என்ற தப்பான கேள்வி

"லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் போடலாம்?" சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்று இருபது வருஷமாக என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். அந்தப் பதில்களில் பாதி தப்பு என்று இப்போது தோன்றுகிறது. சொன்ன லினக்ஸ்களில் குறை இல்லை, நான் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் குறை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்புகள் பல இந்த வடிகட்டியில் நின்றுவிட்டன. அதனால் கேள்வி மறுபடி சூடு பிடித்திருக்கிறது. கூடவே "டாப் 10 டிஸ்ட்ரோ" பட்டியல்களும் வந்துவிட்டன.

இந்தப் பட்டியல்களோடுதான் எனக்குச் சண்டை. பலரும் ஆதாரமாகக் காட்டுவது டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையை. அது அளப்பது என்ன? அந்தத் தளத்தில் ஒரு டிஸ்ட்ரோவுக்கான பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதை மட்டும். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எது தரமானது என்பதற்கு இது அளவுகோல் இல்லை என்று அந்தத் தளமே சொல்கிறது. பட்டியல் போடுபவர்கள் அந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். மீதி விமர்சனங்கள் வால்பேப்பர், ஐகான், மெனு எந்தப் பக்கம் என்பதோடு முடிந்துவிடும். இன்ஸ்டால் பண்ணின அரை மணி நேரத்தில் எழுதிய விமர்சனத்தில் வேறென்ன இருக்கும்? லேப்டாப் வேலை செய்யவேண்டியது அடுத்த ஐந்து வருஷம்.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அக்கா மகள் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, அவள் லேப்டாப்பில் ஒரு ரோலிங் வகை டிஸ்ட்ரோ போட்டுக் கொடுத்தேன். ரோலிங் என்றால் பதிப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. புது மென்பொருள் வரவர அப்டேட்டில் வந்துகொண்டே இருக்கும். நான் பயன்படுத்தியதும் அதுதான், எனக்குப் பிடித்தும் இருந்தது. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் அப்டேட் கொடுத்திருக்கிறாள். புது கெர்னல் வந்தது, தனியாகப் போட்டிருந்த கிராஃபிக்ஸ் டிரைவர் அதோடு பொருந்தவில்லை. கறுப்புத் திரை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனில் கமாண்ட் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பத்து நிமிஷ வேலை, ஆனால் போன் வழியாக முடியவில்லை. கோட் எல்லாம் கிட்டில் பத்திரமாக இருந்தது. ரிப்போர்ட் அந்த மெஷினில் மட்டும். மறுநாள் தோழியின் லேப்டாப்பில் ரிப்போர்ட்டை முதலிலிருந்து அடித்துக் கொண்டுபோனாள்.

வீட்டுக்கு வந்தபோது கோபப்படாமல் ஒன்று சொன்னாள்: "மாமா, உங்களுக்கு ரிப்பேர் பண்ணப் பிடிக்கும். எனக்கு அதுக்கு நேரமில்ல."

ரோலிங் டிஸ்ட்ரோக்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆர்ச் லினக்ஸின் விக்கியை டெபியன்காரர்கள்கூட படிக்கிறார்கள். ஆனால் அது யாருக்கு என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. இப்போது பெயரைச் சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

முதலாவது, லேப்டாப்புக்கு என்ன வயசு? லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வரும். போன மாதம் வாங்கின லேப்டாப்பின் வைஃபை சிப்பை இரண்டு வருஷப் பழைய கெர்னலுக்குத் தெரியாமல் போகலாம். அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிப்பு வருகிற ஃபெடோரா பொருத்தம். ஐந்து, ஆறு வருஷப் பழசு என்றால் டெபியனோ மின்டோ தாராளமாகப் போதும். டெபியனில் வைஃபை ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி அலைந்த கதை பழசு. 2022-இல் அந்தத் திட்டத்தின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 முதல், சுதந்திர உரிமம் இல்லாத ஃபர்ம்வேரும் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது.

இரண்டாவது, எதுவரைக்கும் ஆதரவு, அதற்கு யார் பொறுப்பு? ஃபெடோராவின் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம்தான். உபுண்டு எல்டிஎஸ் பதிப்புக்கு 5 வருஷம். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22-க்கு 2029 வரை. தேதியை மட்டும் நம்பவும் முடியாது. சர்வர்களில் பரவலாக இருந்த சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று இருந்தது. 2020 டிசம்பரில், 2021 முடிவோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். டெபியன் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, 1993-இலிருந்து தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். எனக்கு அது பெரிய ப்ளஸ்.

மூன்றாவது, பட்டியல்களில் வரவே வராத கேள்வி: உடைந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சி-டாக் சென்னையில் உருவாக்கிய, டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் லினக்ஸ், தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. கேரளப் பள்ளிகளில் மென்பொருளோடு ஆசிரியர் பயிற்சி, பாடப்புத்தகம், செய்முறைத் தேர்வு எல்லாமே சுதந்திர மென்பொருளில் நடந்தன. வகுப்பில் தெரிந்த ஒரு ஆசிரியர் இருந்தார், அதனால் அங்கே நிலைத்தது.

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் உடனே இன்ஸ்டால் பண்ண வேண்டாம். பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் திரும்ப எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா, ஐபஸ் வழியாகத் தமிழ்99-இல் டைப் அடிக்க முடிகிறதா பாருங்கள். ஒரு மணி நேர வேலை இது. முக்கியமாக, பழைய டிஸ்கை அழிப்பதற்கு முன்னால் ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

அக்கா மகளின் லேப்டாப்பில் இப்போது மின்ட் இருக்கிறது. நான் தேர்ந்தெடுக்கவில்லை, ஹாஸ்டலில் பக்கத்து ரூம் பெண்ணிடம் அதுதான் இருக்கிறது என்று அவளே கேட்டாள். எனக்கு மின்ட் அவ்வளவாகப் பிடிக்காது. அதன் பிறகு லேப்டாப் விஷயமாக அவளிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.