ஃப்ளைவீலுக்கு அடியில்

படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார்களை ரசிக்கிறவர்களில் பலர் மேல்மூடியோடு நின்றுவிடுகிறார்கள். 1950களின் ஜான்சன் சீஹார்ஸுக்கும் எவின்ரூட் லைட்வினுக்கும் அந்த வளைவும் பெயின்ட்டும் எழுத்தும் தனி அழகுதான். ஆனால் பழுது பார்த்தவரின் கை எப்படிப்பட்டது என்பதை மேல்மூடி சொல்லாது. ஃப்ளைவீலைக் கழற்றி, அதன் அடியில் இரண்டு இக்னிஷன் காயில்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மோட்டாரை ஓட்டுகிறவர் கண்ணில் ஒருநாளும் படாத இடம் அது. அங்கே காட்டியிருக்கும் நேர்த்தியைத்தான் நான் கைவேலை என்பேன்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட், 1909-ல் மில்வாக்கி நகரில் தன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒன்றரைக் குதிரைசக்தி, எடை சுமார் 28 கிலோ. 1936-ல் ஜான்சனும் எவின்ரூட்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அதன் பலன் 1950களில் தெரிந்தது. இரண்டு சிலிண்டர் மோட்டார்களில் 3 குதிரைசக்திச் சிறிசு முதல் பெரிய மாடல்கள் வரை, பெயர் எதுவானாலும், பெரும்பாலானவற்றுக்கு ஒரே காயில், ஒரே பாயின்ட், ஒரே கண்டன்சர். இன்றும் புதுக் காயில் சுலபமாகக் கிடைப்பதற்கு அந்தத் தீர்மானமே காரணம். இயந்திர வரலாற்றில் இவ்வளவு நீண்ட காலம் பலன் தந்த சிக்கனங்கள் குறைவு.

இந்த மோட்டார்களில் பேட்டரி இல்லாமல் தீப்பொறி பிறப்பது எப்படி? பழைய லாம்பிரெட்டாவிலோ மொபெட்டிலோ பாயின்ட் தேய்த்த தலைமுறைக்கு இது தெரிந்த கதைதான். ஃப்ளைவீலின் உட்புறத்தில் காந்தம் இருக்கிறது. கயிற்றை இழுத்ததும் அது காயிலின் இரும்புக் காலை உரசாமல், மிக நெருக்கமாகக் கடந்து போகிறது. காயிலுக்குள் சில நூறு சுற்று தடித்த கம்பி. அதன்மேல் பல ஆயிரம் சுற்று தலைமுடியைவிட மெல்லிய கம்பி. காந்தம் கடக்கும்போது தடித்த கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. அது உச்சத்துக்கு வரும் கணத்தில் சுழலும் கேம், பாயின்ட் என்னும் சிறு சுவிட்சைத் திறந்துவிடுகிறது. ஓட்டம் அறுபட, காந்தப்புலம் சரிய, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கின் நுனியில் பாய்கிறது. பாயின்ட் திறக்கும் இடத்தில் பொறி வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டன்சரின் வேலை. ஒரு காந்தம், இரண்டு கம்பிகள், சரியான கணத்தில் ஒரு துண்டிப்பு. இதற்குமேல் எதையும் குறைக்க முடியாது என்கிற அளவுக்கு இறுக்கமான வடிவமைப்பு.

இதில் முதலில் சாவது காயிலின் உறைதான். ஐம்பதுகளில் வந்த காயில்களின் கெட்டியான உறை வயதாலும் சூட்டாலும் வெடிக்கும். மோட்டாரை ஓட்டாமல் கொட்டகையில் போட்டு வைத்திருந்தாலும் வெடிக்கும். விரிசலில் ஈரம் இறங்கிவிட்டால் உயர் மின்னழுத்தம் பிளக் வரை போகாது. பக்கத்திலிருக்கும் இரும்புக்கே தாவிவிடும். காலையில் ஒரே இழுப்பில் கிளம்பி, சூடேறியதும் ஏரி நடுவில் நின்று போகும் மோட்டாரில் இதைச் சந்தேகிக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்தால் கம்பி அறுபடவில்லை என்று நல்ல கணக்கே காட்டும். மீட்டரின் சிறிய மின்னழுத்தத்துக்கு அந்தக் கசிவு தெரியாது. தேர்ந்த மெக்கானிக் மீட்டரை எடுக்குமுன் வெளிச்சத்தில் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். விரிசலைப் பசை போட்டு அடைப்பவர்களும் உண்டு. என் கருத்தில் அது பழுதை மறைப்பது, நீக்குவது ஆகாது.

புதுக் காயில் மாட்டுவது சில திருகாணி வேலை என்று தோன்றும். ரசிக்க வேண்டியது அந்தத் திருகாணிகளைச் சுற்றி நடப்பதை. ஃப்ளைவீலை ஓரத்தில் பிடித்து இழுக்க மாட்டார்கள். நடுவிலுள்ள மரைத் துளைகளில் போல்ட் மாட்டி, புல்லர் என்னும் இழுவைக் கருவியால் நேராகத் தூக்குவார்கள். காயிலின் இரும்புக் கால்கள், கீழ்த் தட்டில் கடைந்துவிட்ட மேடுகளின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். வெளியே நீண்டால் காந்தம் உரசித் தழும்பு விழும். உள்ளே போனால் பொறி சோர்ந்துவிடும். இதற்கென்றே ஒரு வளையக் கருவி உண்டு. அது இல்லாதவர்கள் விரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்கள்; நகம் எங்கும் தட்டக் கூடாது.

பிளக் வயர் இன்னும் நுட்பம். காயிலின் குழிக்குள் ஒரு ஊசி இருக்கிறது. வயரின் நடுவிலுள்ள செப்பு இழைகளுக்குள் அந்த ஊசி நேராக இறங்க வேண்டும். சற்றே சாய்ந்து ரப்பருக்குள் போய்விட்டால் வெளியே ஒரு குறையும் தெரியாது, உள்ளே பொறி தடுமாறும். கார்களுக்கு வரும் கார்பன் வயர் இங்கே ஆகாது. செப்பு இழை வயர்தான் வேண்டும். அடுத்தது வயர் போகும் வழி. இந்த மோட்டார்களில் வேகக் கைப்பிடியைத் திருப்பும்போது காயில்களைத் தாங்கும் தட்டும் சேர்ந்து சுழன்று, பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளுகிறது. அதனால் வயருக்குத் தளர்வு வேண்டும். தளர்வு அதிகமானால் ஃப்ளைவீலில் உரசும். குறைந்தால் வளைவில் உறை வெடிக்கும். எவ்வளவு விட வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்வதைவிடக் கை நன்றாகச் சொல்லும்.

பாயின்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜில் ஒட்டியிருக்கும் எண்ணெய் பாயின்ட்டில் படிந்தால் அதுவே மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே கடைசியில் சுத்தமான அட்டைத் துண்டை நடுவில் விட்டு உருவுவார்கள். கவனமில்லாதவர் செய்த வேலையில் விட்டுப்போவது இந்த அற்ப வேலைதான்.

1920, 30களின் மோட்டார்களில் பலவற்றுக்குப் புதுக் காயில் கிடையாது. அவற்றுக்குப் பழைய இரும்பின்மேல் மறுபடி கம்பி சுற்ற வேண்டும். நான் அதிகம் மதிக்கும் வேலை இது. மெல்லிய கம்பியை ஓர் அடுக்கு சுற்றியதும் மின்காப்புத் தாள், மறுபடி ஓர் அடுக்கு, மறுபடி தாள். அடுக்குக்கு அடுக்கு மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும் என்பதால் தாளின் ஓரங்களில் இடம் விட்டே சுற்றுவார்கள். சுற்று கொஞ்சம் இறுகினால் கம்பி அறும். நெகிழ்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முடிந்ததும் வெற்றிடத்தில் வைத்து வார்னிஷ் ஊறவிடுவார்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் பின்னாளில் மின்சாரம் அங்கேதான் வழி தேடும். சுற்றியவரின் நிதானம் முழுவதும் அந்த வார்னிஷுக்குள் அடைபட்டுப் போகிறது. இனி யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

அசல் பாகம் போய்விட்டால் மோட்டாரின் மதிப்பு போய்விடுமா என்று சேகரிப்பாளர்களிடையே வாதம் உண்டு. மூடியிலும் பெயர்ப்பலகையிலும் அசலைக் காப்பதற்கு நானும் கட்சி. வெடித்த காயிலை அசல் என்பதற்காக வைத்துக்கொண்டு, மோட்டாரை அலமாரிப் பொருளாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது படகைத் தள்ளுவதற்குச் செய்த பொருள்.

ஆகவே இப்படியொரு மோட்டாரை வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வேன்: மூடியின் பளபளப்புக்கு விலை பேசுமுன் ஃப்ளைவீலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காயிலில் விரிசல் இருக்கிறதா, கால்கள் விளிம்போடு நிற்கின்றனவா, வயர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பிறகு ஃப்ளைவீலை மாட்டி, கால் அங்குல இடைவெளியில் சோதனைக் கருவியை வைத்துக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நீலப் பொறி சடசடவென்று தாண்டினால், கேட்ட விலையைக் கொடுக்கலாம்.